கடனை அடைத்த ஆண்ட்ரூ ஜாக்சனை ஏன் நோட்டிலிருந்து எடுக்கச் சொல்கிறார்கள்?

"அமெரிக்க அரசின் கடனைப் பைசா பாக்கியில்லாமல் அடைத்த ஒரே அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் என்று படித்தேன். அப்படிப்பட்டவர் படத்தை 20 டாலர் நோட்டிலிருந்து எடுக்கவேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு வழக்கமாக வரும் பதில் தராசு மாதிரி இருக்கும். ஒரு தட்டில் கடனை அடைத்த நல்ல காரியம், இன்னொரு தட்டில் பூர்வகுடிகளை விரட்டிய கெட்ட காரியம், எடை போட்டுக்கொள்ளுங்கள் என்பார்கள். அந்தப் பதிலில் எனக்கு உடன்பாடு இல்லை. கடன், நிலம், வங்கி, பூர்வகுடிகள் எல்லாம் ஒரே பேரேட்டின் வேறு வேறு பக்கங்கள். ஒரு பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்துப் படித்தால் கணக்கு புரியாது.

முதலில் கடன். அது அடைந்தது உண்மை. 1835 ஜனவரி 1 அன்று கூட்டாட்சி அரசின் கடன் என்று ஏட்டில் நின்றது 33,733 டாலர் 5 சென்ட். அதுவும் பழைய பத்திரங்களை யாரும் கொண்டுவந்து காட்டாததால் நின்ற தொகைதான். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அமெரிக்கக் கடன் இந்த அளவுக்கு இறங்கியதே இல்லை. ஆனால் "ஜாக்சன் அடைத்தார்" என்பது பாதி உண்மை. 1812ல் தொடங்கிய பிரிட்டன் போர் முடிந்தபின், 1816 தொடக்கத்தில் கடன் சுமார் 12.7 கோடி டாலர். 1817ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, ஆண்டுக்கு 1 கோடி டாலரைக் கடனுக்கென்றே ஒதுக்கியது. ஜாக்சன் பதவியேற்ற 1829ல் கடன் 5.84 கோடியாக இறங்கியிருந்தது. அதாவது பாதிக்கு மேல் அவருக்கு முந்தைய அதிபர்கள் மன்றோவும் ஜான் குவின்ஸி ஆடம்ஸும் அடைத்துவிட்டுப் போனது. வீட்டுக்கடன் கட்டியவர்களுக்குத் தெரியும், கடைசி ஆண்டுகளில் வட்டி குறைந்து, கட்டுவதில் பெரும்பகுதி அசலுக்கே போகும். அந்தக் கட்டத்தில்தான் ஜாக்சன் வந்தார். அவருடைய சொந்தப் பங்கு என்று சொல்லவேண்டுமானால், வேறு செலவுக்குப் பணத்தைத் திருப்பவிடாத பிடிவாதம்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதிலும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. "பூர்வகுடிகளின் நிலத்தை விற்றுக் கடனை அடைத்தார்" என்று சிலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 1833ம் ஆண்டு வரவைப் பாருங்கள்: சுங்கவரி சுமார் 2.9 கோடி டாலர், நில விற்பனை 40 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. கடனை அடைத்தது பெரும்பாலும் துறைமுகத்தில் வசூலான இறக்குமதி வரிதான். அந்த வரியை 1828ல் கடுமையாக ஏற்றியிருந்தார்கள். பருத்தியை வெளிநாட்டுக்கு விற்று, துணியும் இரும்பும் வெளியிலிருந்து வாங்கிய தென்மாநிலங்களுக்கு அது நேரடி அடி. கடன்தான் அடையப்போகிறதே, பிறகு எதற்கு இவ்வளவு வரி என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. 1832 நவம்பர் 24 அன்று தென் கரோலினா, அந்த வரிச்சட்டம் தன் எல்லைக்குள் 1833 பிப்ரவரி 1 முதல் செல்லாது என்று தீர்மானம் போட்டது. ஜாக்சன் டிசம்பர் 10ல் வெளியிட்ட பிரகடனத்தில், ஒரு மாநிலம் தனக்குப் பிடிக்காத சட்டத்தைத் தள்ளுபடி செய்தால் ஒன்றியமே இல்லை என்று அடித்துச் சொன்னார். 1833 மார்ச் 2 அன்று இரண்டு சட்டங்களில் கையெழுத்துப் போட்டார். ஒன்று வரியைப் படிப்படியாகக் குறைக்கும் சமரசம், மற்றொன்று தேவைப்பட்டால் படையை அனுப்பும் அதிகாரம். 28 ஆண்டு கழித்து லிங்கன் தன் முதல் பதவியேற்பு உரையை எழுதும்போது அந்தப் பிரகடனத்தை எடுத்துவைத்துப் படித்தார். ஜாக்சனை முற்றாக நிராகரிப்பவர்களும் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிப்பது அதனால்தான்.

ஆனால் மாநில உரிமை விஷயத்தில் அவர் எப்போதும் இப்படித்தான் இருந்தாரா என்றால், இல்லை. 1830 மே மாதத்தின் இரண்டு நாட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மே 27 அன்று கென்டக்கியில் மேஸ்வில் என்ற ஊரிலிருந்து லெக்ஸிங்டனுக்குச் சுமார் 60 மைல் சாலை போடும் கம்பெனியில் அரசு 1.5 லட்சம் டாலருக்குப் பங்கு வாங்கும் மசோதாவை வீட்டோ செய்தார். ஒரே மாநிலத்துக்குள் ஓடும் சாலைக்குப் பொதுப்பணம் கொடுக்க அரசியல் சட்டத்தில் இடமில்லை, கடனை அடைப்பதுதான் முக்கியம் என்பது அவர் சொன்ன காரணம். அந்தச் சாலை அவருடைய பரம எதிரி ஹென்றி கிளேயின் மாநிலத்தில் ஓடியதும் ஒரு காரணம் என்று சொன்னால் தப்பாகாது. அடுத்த நாள் மே 28 அன்று பூர்வகுடி அகற்றல் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்கு ஒதுக்கீடு 5 லட்சம் டாலர். செலவானது அதைப்போலப் பல மடங்கு. சாலை போடக் காசில்லை, ஊரைக் காலி செய்யக் காசு இருந்தது.

அந்தச் சட்டம் செனட்டில் 28க்கு 19, பிரதிநிதிகள் அவையில் 102க்கு 97 என்ற கணக்கில் தப்பிப் பிழைத்தது. அவையில் மூன்று பேர் மாற்றி வாக்களித்திருந்தால் விழுந்திருக்கும். "அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்" என்று யாராவது சொன்னால் இந்த எண்ணிக்கையைக் காட்டுங்கள். சட்டத்தின் வாசகத்தில் விரட்டு என்ற சொல் கிடையாது. கிழக்கே உள்ள நிலத்துக்குப் பதிலாக மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே நிலம் கொடுத்து, விருப்பப்பட்டவர்களோடு ஒப்பந்தம் செய்யலாம் என்றுதான் இருக்கும். நடைமுறை வேறு. மாநில அரசு தன் சட்டத்தைப் பூர்வகுடி நிலத்தின்மேல் நீட்டும். வெள்ளையர் உள்ளே நுழைந்து வேலி போடுவார்கள். புகார் போனால், மாநில விவகாரத்தில் நான் தலையிட முடியாது, பாதுகாப்பு வேண்டுமென்றால் மேற்கே போங்கள் என்று வாஷிங்டனிலிருந்து பதில் வரும். தென் கரோலினாவிடம் காட்டிய கண்டிப்பு, செரோக்கி பூர்வகுடிகளின் நிலத்தில் இப்படித் தன் சட்டத்தை நீட்டிய ஜார்ஜியாவிடம் எங்கே போயிற்று என்று கேட்டால், என் வாசிப்பில் ஒரே விடைதான்: இங்கே மாநிலம் கேட்டதும் அவர் நினைத்ததும் ஒன்றாக இருந்தன.

முதலில் போனவர்கள் சாக்டா மக்கள். 1830 செப்டம்பர் 27 ஒப்பந்தத்தில் மிசிசிப்பி மாநிலத்தில் இருந்த சுமார் 1.1 கோடி ஏக்கர் கைமாறியது. 1831 கடும் குளிரில் அவர்களில் ஒரு கூட்டம் மெம்பிஸில் ஆற்றைக் கடந்தபோது, பிரெஞ்சுக்காரர் அலெக்ஸி டி டோக்வில் கரையில் நின்று பார்த்தார். அழுகை இல்லை, கூச்சல் இல்லை, எல்லோரும் வாய்மூடிப் படகேறினார்கள் என்று எழுதிவைத்தார். தங்களை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நாய்கள் ஊளையிட்டுப் பனிக்கட்டி மிதந்த ஆற்றில் குதித்து, படகின் பின்னால் நீந்தினவாம்.

செரோக்கி மக்கள் நீதிமன்றம் போனார்கள். இங்கேதான் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரிக்கவேண்டும். 1832 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. "ஜான் மார்ஷல் தீர்ப்புச் சொல்லிவிட்டார், முடிந்தால் அவரே அமல்படுத்தட்டும்" என்று தலைமை நீதிபதியைப் பற்றி ஜாக்சன் சொன்னதாக எங்கும் எழுதுகிறார்கள். அது அவர் வாயிலிருந்து வந்ததற்கு அவர் காலத்துச் சான்று இல்லை. அவர் இறந்து சுமார் 20 ஆண்டு கழித்துத்தான் அச்சில் வருகிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு செத்துப் பிறந்த குழந்தை என்ற பொருளில் நண்பர் ஜான் காஃபிக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. ஆகவே வாசகம் சந்தேகம், மனநிலை சந்தேகமில்லை. சட்டப்படி பார்த்தால் இன்னொன்றும் உண்டு. அந்தத் தீர்ப்பு, சிறையிலிருந்த உஸ்டர், பட்லர் என்ற இரண்டு பாதிரிமாரை விடுவிக்கும்படி ஜார்ஜியாவுக்கு இட்ட கட்டளை. அதிபர் இன்னது செய்யவேண்டும் என்று அதில் எதுவும் இல்லை. 1833 ஜனவரியில் மன்னிப்பு கொடுத்து இருவரையும் வெளியே விட்டார்கள், தென் கரோலினாவோடு மல்லுக்கட்டு நடந்துகொண்டிருந்த அதே சமயத்தில்.

1835 டிசம்பர் 29 அன்று செரோக்கித் தரப்பில் ஒரு சிறு குழு மட்டும் 50 லட்சம் டாலருக்கு நிலம் முழுவதையும் எழுதிக்கொடுத்தது. தலைமைத் தலைவர் ஜான் ராஸ் கையெழுத்துப் போடவில்லை. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட எதிர்ப்பு மனு வாஷிங்டனுக்குப் போயும் செனட் ஒப்பந்தத்தை ஏற்றது. வேண்டிய மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே ஒரு வாக்கு கூடுதல். படை வந்து மக்களை வீட்டிலிருந்து இழுத்தது 1838ல், அப்போது அதிபர் வான் பியூரன். அதனால் கண்ணீர்ப் பாதை என்று பெயர் பெற்ற அந்தக் கட்டாய வெளியேற்றத்துக்கு ஜாக்சன் பொறுப்பில்லை என்று வாதிடுவோர் உண்டு. ஒப்பந்தம் அவருடையது, கெடு தேதியும் அதில் எழுதியிருந்ததுதான். சாவு 4,000 என்ற எண் ஒரு மதிப்பீடு. கூடவே நடந்துபோன ஒரு பாதிரி மருத்துவர் கணித்தது. ஜார்ஜியா சிறையில் இருந்த அதே பட்லர்தான் அவர். பின்னால் வந்த ஆய்வாளர்களின் கணக்கு கூடியும் குறைந்தும் இருக்கிறது. ஆகவே "சுமார்" போடாமல் அந்த எண்ணை எழுதாதீர்கள்.

இவ்வளவு கடன் வெறுப்பு ஒருவருக்கு எப்படி வந்தது? 1767ல் இரு கரோலினாக்களின் எல்லையில் பிறந்தவர். அப்பா அவர் பிறப்பதற்குச் சில வாரம் முன்பே இறந்துபோனார். விடுதலைப் போரில் 14 வயதில் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டார். அதிகாரியின் பூட்ஸைத் துடைக்க மறுத்ததற்கு வாள்வீச்சு வாங்கி, தலையிலும் கையிலும் தழும்போடு வாழ்ந்தார். தாயும் இரண்டு அண்ணன்களும் அந்தப் போர்க்காலத்திலேயே போய்விட்டார்கள். பிறகு சட்டம் படித்து நாஷ்வில் போனார். 1795ல் டேவிட் அலிசன் என்ற வியாபாரிக்கு நிலம் விற்று, பணத்துக்குப் பதிலாக வாங்கிய கடன் சீட்டுகளின் பின்னால் கையெழுத்துப் போட்டு வேறொருவரிடம் சரக்கு எடுத்தார். அலிசன் திவாலாக, அந்தச் சீட்டுகள் ஜாக்சன் தலையில் விழுந்தன. ஜாமீன் கையெழுத்துப் போட்டுக் குடும்பமே நொடித்த கதைகளைக் கேட்டவர்களுக்கு, காகிதப் பணத்தைக் கண்டால் அவருக்கு ஏன் உடம்பெல்லாம் எரிந்தது என்று விளக்கத் தேவையில்லை.

அந்த எரிச்சல் போய் விழுந்தது அமெரிக்காவின் இரண்டாம் தேசிய வங்கியின்மேல். தலைமையகம் பிலடெல்பியா, மூலதனம் 3.5 கோடி டாலர், அதில் ஐந்தில் ஒரு பங்கு அரசுடையது, மற்றது தனியார் கையில். 1816ல் 20 ஆண்டுக்கு உரிமம். அன்று நாட்டுக்கென்று பொதுவான நோட்டு இல்லை. நூற்றுக்கணக்கான மாநில வங்கிகள் ஆளுக்கொரு நோட்டு அடித்துக்கொண்டிருந்தன. மக்கள் வரியாகக் கட்டும் அந்த நோட்டுகள் தேசிய வங்கிக்கு வரும். அது அவற்றை மூட்டை கட்டி, அடித்த வங்கிக்கே அனுப்பித் தங்கமோ வெள்ளியோ கொடு என்று கேட்கும். கேட்பார்கள் என்று தெரிந்தால் எந்த வங்கியும் அளவுக்கு மீறி நோட்டு அடிக்காது. இதுதான் கடிவாளம். மறுபக்கம், தலைவர் நிக்கலஸ் பிடில் அரசியல்வாதிகளுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் தாராளமாகக் கடன் கொடுத்தவர். ஆகவே ஜாக்சனின் குற்றச்சாட்டு வெறும் கற்பனை இல்லை. தேர்தல் ஆண்டில் அவரை மாட்டிவிடலாம் என்று கிளேயும் பிடிலும் நான்கு ஆண்டு முன்கூட்டியே உரிமப் புதுப்பிப்பு மசோதாவைக் கொண்டுவந்தார்கள். 1832 ஜூலை 10ல் வீட்டோ. நவம்பர் தேர்தலில், அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்களின் வாக்கு ஜாக்சனுக்கு 219, கிளேக்கு 49.

உரிமம் 1836 வரை இருந்தது. அதுவரை பொறுக்க ஜாக்சனுக்கு மனமில்லை. அரசின் டெபாசிட்டை எடுக்கும் உத்தரவைச் சட்டப்படி கருவூலச் செயலர்தான் போடமுடியும். ஒருவரை வேறு துறைக்கு மாற்றினார். அடுத்து வந்த வில்லியம் டுவேன் மறுக்கவே, 1833 செப்டம்பர் 23ல் அவரை நீக்கினார். மூன்றாவதாக ரோஜர் டேனி வந்து உத்தரவைப் போட்டார். பணத்தைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு போகவில்லை. அன்றாடச் செலவைத் தேசிய வங்கியிலிருந்து எடுத்துக்கொண்டே, புதிதாக வரும் வரவைத் தேர்ந்தெடுத்த மாநில வங்கிகளில் போட்டார்கள். எதிர்ப்பாளர்கள் அவற்றுக்கு வைத்த பெயர் செல்லப்பிள்ளை வங்கிகள். 1834 மார்ச் 28ல் செனட் அதிபரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. 1837 ஜனவரி 16ல், பெரும்பான்மை மாறியபின், பழைய குறிப்பேட்டையே அவைக்குக் கொண்டுவரச் செய்து, அந்தத் தீர்மானத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு இழுத்து, செனட்டின் ஆணைப்படி நீக்கப்பட்டது என்று அதன் குறுக்கே எழுதினார்கள்.

இப்போது பேரேட்டின் பக்கங்கள் ஒன்று சேருகின்றன. கடிவாளம் போய்விட்டது. காலி செய்த நிலம் ஏக்கர் 1.25 டாலர் அடிப்படை விலைக்குச் சந்தைக்கு வந்தது. நிலத்தரகர் வங்கியில் நோட்டாகக் கடன் வாங்கி நில அலுவலகத்தில் கட்டுவார். அலுவலகம் அதைச் செல்லப்பிள்ளை வங்கியில் போடும். வங்கி அதையே அடுத்த தரகருக்குக் கடனாகக் கொடுக்கும். ஒரே காகிதம் செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. 1836ல் நில வரவு சுமார் 2.49 கோடி டாலர், சுங்க வரவையே தாண்டிவிட்டது. அடைக்கக் கடன் இல்லை, ஆகவே உபரி குவிந்தது. 50 லட்சம் போக மீதியை 1837 ஜனவரி முதல் நான்கு தவணையாக மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஒரு சட்டம் வந்தது. இதற்கிடையே ஊகவணிகத்தைப் பார்த்து மிரண்ட ஜாக்சன், 1836 ஜூலை 11 சுற்றறிக்கையில் இனி அரசு நிலத்துக்குத் தங்கமும் வெள்ளியும்தான் செல்லும் என்று சொல்லிவிட்டார். முதலில் நோட்டைப் பெருகவிட்டு, பிறகு நோட்டு செல்லாது என்றால் என்ன ஆகும்? மக்கள் வங்கிகளில் நாணயம் கேட்டு நின்றார்கள். 1837 மே 10ல் நியூயார்க் வங்கிகள் நாணயம் கொடுப்பதை நிறுத்தின. ஜாக்சன் பதவி முடிந்து வீடு போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அந்த வீழ்ச்சி முழுக்க அவர் பாவமா? இதில் பொருளாதார வரலாற்றாசிரியர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. விலையேற்றத்துக்கு மெக்சிகோ வெள்ளி உள்ளே வந்து தங்கியதுதான் காரணம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். முன்பு அந்த வெள்ளி தேயிலைக்கும் பட்டுக்கும் சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்தியாவிலிருந்து வந்த அபினுக்குச் சீன வணிகர் பணம் கட்ட லண்டன் உண்டியல்களே, அதாவது லண்டனில் பணமாக்கிக்கொள்ளும் வணிகச் சீட்டுகளே போதும் என்று ஆனதும், வெள்ளி அமெரிக்காவிலேயே நின்றுவிட்டது. 1836ல் இங்கிலாந்து வங்கி வட்டியை ஏற்றியதும், பருத்தி விலை சரிந்ததும் வெளியிலிருந்து வந்த அடிகள். எனக்குப் படுவது, தீ வெளியிலிருந்து வந்தது, கூரையை ஓலையாக மாற்றிவைத்தவர் ஜாக்சன். உபரியில் மூன்று தவணை, 2.8 கோடி டாலருக்குச் சற்று மேல், மாநிலங்களுக்குப் போயிற்று. நான்காவது தவணை கொடுக்கப் பணமில்லை. 1841 முதல் 1843க்குள் எட்டு மாநிலங்களும் ஃபுளோரிடா பிரதேசமும் தங்கள் கடனைக் கட்டமுடியாமல் நின்றன.

அரசியல் மரபு என்று பார்த்தால், வெள்ளை ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தவர் ஜாக்சன் என்பது தவறு. சொத்துத் தகுதியை மாநிலங்களே ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருந்தன. அந்த அலைமேல் ஏறி வந்தவர் அவர். 1824ல் 99 தேர்வாளர் வாக்கோடு முதலிடம் பெற்றும், யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் பிரதிநிதிகள் அவை ஆடம்ஸைத் தேர்ந்தது. அந்தக் கோபத்தில் கட்டிய அமைப்புதான் ஜனநாயகக் கட்சி. வீட்டோவை ஆயுதமாக்கியதும் அவர்தான். முன்பிருந்த ஆறு அதிபர்களும் சேர்ந்து 10 முறை, இவர் ஒருவரே 12 முறை. கட்சிக்காரருக்கு அரசு வேலை கொடுக்கும் வழக்கத்தையும் கொள்கையாகவே பேசினார். அதன் பலனை நியூயார்க் சுங்கத்தில் பார்க்கலாம். அவர் நியமித்த சாமுவேல் ஸ்வார்ட்வௌட் 12 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டிக்கொண்டு 1838ல் ஐரோப்பாவுக்கு ஓடினார்.

நோட்டு விவகாரத்தில் பூர்வகுடிகளோடு இன்னொரு காரணமும் உண்டு. நாஷ்வில் அருகே அவருடைய ஹெர்மிட்டேஜ் பருத்திப் பண்ணையில், 1845ல் அவர் இறந்தபோது அடிமைகள் சுமார் 150 பேர். 1804ல் தப்பியோடிய ஓர் அடிமையைப் பிடித்துத்தர அவர் கொடுத்த பத்திரிகை விளம்பரம் கிடைக்கிறது: பிடித்தால் 50 டாலர், பிடிப்பவர் அவனுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு 100 கசையடிக்கும் 10 டாலர் கூடுதல், 300 அடி வரை. 20 டாலர் நோட்டில் அவர் படம் வந்தது 1928ல். அடிமைத்தளையிலிருந்து தானும் தப்பி, பலரையும் தப்பவைத்த ஹேரியட் டப்மனின் படத்தை முன்பக்கத்தில் போட்டு, ஜாக்சனைப் பின்பக்கத்துக்கு மாற்றுவதாக 2016 ஏப்ரலில் கருவூலத் துறை அறிவித்தது. நோட்டு இன்னும் மாறவில்லை.